கல்லுக்குள் ஒன்று, காற்றில் ஒன்று

மடகாஸ்கரின் கிழக்குச் சரிவில் எஞ்சியிருக்கும் மழைக்காட்டுக்குள் ஓடும் சில ஆறுகளின் மேல், இக்கரை மரத்திலிருந்து அக்கரை மரத்துக்கு ஒற்றை இழை ஒன்று போகும். வெயில் சாய்வாக விழும்போதுதான் அது கண்ணில் படும். 25 மீட்டர் வரைகூட நீளும் அந்த இழையிலிருந்து, ஓடும் நீருக்கு மேலே, ஆற்றின் நட்டநடுவில் வட்ட வலை ஒன்று தொங்கும். வலையின் பரப்பு 2.8 சதுர மீட்டர் வரை போகிறது. நம் வீட்டு வாசற்கதவைவிடப் பெரிது. உலகில் இதுவரை அறியப்பட்ட வட்ட வலைகளில் இதுவே மிகப் பெரியது. கட்டியவளின் உடல் நீளமோ சுமார் 2 சென்டிமீட்டர்.

டார்வின் மரப்பட்டைச் சிலந்தி என்பது அவள் பெயர். கிளையில் கால்களை ஒடுக்கி உட்கார்ந்துவிட்டால் மரப்பட்டையில் ஒரு முடிச்சு என்றே தோன்றும். ஆண் சிலந்தி அவள் உடலில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ஆற்றைக் கடக்கும் இந்த வலைகளெல்லாம் பெண்ணின் கைவேலை.

எப்படிக் கடக்கிறாள்? அவளுக்குச் சிறகு இல்லை. நீந்தி அக்கரை சேர்கிற உயிரும் அல்ல. கரையோரச் செடியில் நின்று, வயிற்றை உயர்த்தி, நூற்பு உறுப்புகளிலிருந்து இழையைக் காற்றில் விடுகிறாள். மற்ற வலைச் சிலந்திகளும் இப்படி இழை விடுவதுண்டு. ஆனால் அளவாக விடும். இவள் அள்ளி அள்ளி விடுகிறாள். இழைகள் காற்றோடு மிதந்து நீரைத் தாண்டிப் போகின்றன. அக்கரையில் ஏதோ ஓர் இலையில், ஏதோ ஒரு கொம்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பிற சிலந்திகள் வலை கட்டுமுன் இடத்தை அங்குமிங்கும் ஓடிப் பார்க்கும், அளக்கும், திரும்ப வரும். இவளிடம் அந்தச் சோதனையே ஏறக்குறைய இல்லை. காற்று எங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததோ அதுவே இடம். இந்த ஒரு செய்தியைப் படித்தபோது எனக்கு உண்டான சிலிர்ப்பு இன்னும் அடங்கவில்லை. அவ்வளவு பெரிய வேலையின் முதல் அடியைத் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் காற்றிடம் ஒப்படைத்துவிடுகிறாள்.

அதற்குப் பிறகு காற்றை நம்பி விடுவதில்லை. பாலமாக அமைந்த இழையின் மேல் நடந்து மேலும் மேலும் இழை சேர்த்து அதைத் தடிமனாக்குகிறாள். மற்ற வட்ட வலைகளில் வலையின் மையம் அந்த முதல் இழையிலேயே அமையும். இவள் பாலத்தை அப்படியே விட்டுவிட்டு அதற்குக் கீழே புதிதாக ஒரு மையம் அமைக்கிறாள். மையத்திலிருந்து பிரிந்து செல்லும் ஆரங்களில் மேல்பாதியில் உள்ளவற்றை மட்டும் இரட்டை இழையாக இழுக்கிறாள். பாரம் தொங்குவது அந்தப் பக்கத்தில்தான். கணக்குப் படித்த பொறியாளர் செய்வதை, பிறந்ததிலிருந்து யாரிடமும் பாடம் கேட்காத உயிர் செய்கிறது.

இவ்வளவும் எதற்காக? ஆற்றின் நடுவே நீருக்கு மேலே உள்ள வெளியில் பறக்கும் பூச்சிகளுக்காக. தட்டான்கள், ஊசித்தட்டான்கள், நீரில் வளர்ந்து சிறகு முளைத்ததும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ மடிந்துபோகும் மே பூச்சிகள் எல்லாம் அந்த வெளியில்தான் திரிகின்றன. மே பூச்சிகள் கூட்டமாக எழும்போது ஒரே வலையில் பலவும் விழும். கரையில் வலை விரிக்கும் எந்தச் சிலந்திக்கும் அந்த உணவு எட்டாது. யாரும் உட்காராத பந்தி அது. அந்தப் பந்தியில் இவளுக்கு மட்டும் இலை போடப்பட்டிருக்கிறது.

அந்த இடத்தில் வலை நிற்க வேண்டுமானால் சாதாரண நூல் போதாது. ஆற்றுக் காற்று இழுக்கும். வேகமாக வரும் தட்டான் மோதும். அங்கே எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதைவிட, மோதலின் வேகத்தை உள்வாங்கி அறுந்துபோகாமல் எவ்வளவு நீள்கிறது என்பதே முக்கியம். எஃகு பாரம் தாங்கும். ஆனால் அதிகம் நீளாது. இவள் இழை இரண்டும் செய்யும். மற்ற வலைச் சிலந்திகளின் இழையைவிடச் சுமார் இரு மடங்கு நீளும் தன்மை இதற்கு உண்டு. 2010இல் இங்கி அக்னார்சன், மத்யாஷ் குன்ட்னர், டாட் பிளாக்லெட்ஜ் ஆகியோர் இந்த இழையை ஆய்வுக்கூடத்தில் இழுத்துச் சோதித்தார்கள். ஒரு கன மீட்டர் இழை அறுவதற்குமுன் சராசரியாக 350 மெகாஜூல் ஆற்றலை உள்வாங்கும் என்று கண்டார்கள். சில மாதிரிகள் 520 வரை போயின. குண்டு துளைக்காத கவச உடை செய்யும் கெவ்லர் இழையைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. அதுவரை உயிரினங்களிடமிருந்து அறியப்பட்ட எந்தப் பொருளும் இந்த அளவைத் தொட்டதில்லை.

கெவ்லரை எப்படி நூற்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடர் கந்தக அமிலத்தில் மூலப்பொருளைக் கரைத்து நுண்துளைகள் வழியே பிதுக்கி எடுக்கிறார்கள். இவளோ தட்டான் தின்ற உடலில், மழைக்காட்டின் சாதாரண வெப்பத்தில், தண்ணீர் கலந்த புரதக் கரைசலாக அதை வயிற்றுச் சுரப்பியில் வைத்திருக்கிறாள். அந்தத் திரவம் ஒரு நுண்குழாயின் வழியே இழுபட்டு வெளியே வரும்போது இழையாக இறுகிவிடுகிறது. புகை இல்லை, அமிலம் இல்லை. 2019இல் வெளியான ஆய்வொன்று இவள் இழையில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த தனிப் புரதம் ஒன்று இருப்பதையும், இழை உருவாகும் அந்த நுண்குழாய் மற்றச் சிலந்திகளுக்கு இருப்பதைவிட நீளமானது என்பதையும் எடுத்துக்காட்டியது. நீளும் தன்மைக்கான காரணம் ஓரளவு பிடிபட்டிருக்கிறது. ஆனாலும் அதே தரத்தில் அதே எளிமையோடு நாம் இன்னும் நூற்றபாடில்லை.

மடகாஸ்கரில் சிலந்திப் பட்டு புதிதல்ல. அங்குள்ள வேறோர் இனமான பொன்னிழைச் சிலந்திகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவற்றிடமிருந்து இழை எடுத்து நெய்த பொன்னிறத் துணியொன்று 2009இல் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. சாயம் ஏற்றாத நிறம் அது. நெய்து முடிக்கச் சில ஆண்டுகள் ஆயின. மனிதக் கைகளின் பொறுமைக்கும் அதில் பங்குண்டு என்பதை மறுக்க மாட்டேன்.

டார்வின் பெயர் இந்தச் சிலந்திக்கு வந்த விதமும் பொருத்தமானது. குன்ட்னரும் அக்னார்சனும் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தும் கட்டுரையை எழுதி முடித்தது 2009 நவம்பர் 24 அன்று. டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்து சரியாக 150 ஆண்டுகள் நிறைந்த நாள். டார்வினுக்கும் காற்றில் இழை விடும் சிலந்திகளுக்கும் அதைவிடப் பழைய உறவு ஒன்று உண்டு. 1832இல் அவர் பயணம் செய்த பீகிள் கப்பல் தென்னமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் போய்க்கொண்டிருந்தபோது, ஆயிரக்கணக்கான குட்டிச் சிலந்திகள் கப்பலின் கயிறுகளில் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் தன் இழையில் தொற்றிக்கொண்டு காற்றேறி வந்தவை. நிலம் கண்ணுக்கெட்டாத கடலில் அவற்றைப் பார்த்து வியந்த டார்வின் அதைக் குறித்து வைத்தார்.

அதே வித்தைதான் இன்னொரு தீவில், இன்னொரு சிலந்தியின் கதையைத் தொடங்கி வைத்தது.

ஹவாய்த் தீவுகள் எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிருந்தவை அல்ல. மடகாஸ்கர் அப்படியில்லை, அது பெருநிலத்திலிருந்து பிரிந்த துண்டு. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை நம் இந்தியாவோடு சேர்ந்திருந்து, பிறகு விடைபெற்றுக்கொண்டது. வரும்போதே காட்டையும் உயிர்களையும் சுமந்துகொண்டு வந்த தீவு என்று சொல்லலாம். ஹவாயோ பசிபிக் கடலின் அடியிலிருந்து நெருப்பாகப் பொங்கி எழுந்து ஆறிய வெறும் பாறை. மிக அருகிலுள்ள கண்டக் கரை 3,500 கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கே முதலில் வந்த ஒவ்வொரு உயிரும் காற்றிலோ அலையிலோ பறவையின் உடலிலோதான் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஓநாய்ச் சிலந்திகளின் முன்னோரும் அப்படியே இழையேறி வந்தவை என்பது உயிரியலாளர் கருத்து.

ஓநாய்ச் சிலந்தியை நாம் அறியாதவர்கள் அல்ல. இரவில் வயல் வரப்பில் டார்ச் அடித்தால் புல்லுக்கிடையே பச்சையாக மின்னுபவை பெரும்பாலும் அதன் கண்கள்தாம். அது வலை கட்டி உட்காராது. ஓடித் துரத்திப் பிடிக்கும். எட்டுக் கண்கள், அவற்றில் இரண்டு பெரியவை. வேட்டையில் முந்திக்கொள்ள அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்ட பெருஞ்செல்வம் அந்தக் கண்கள். ஹவாயின் மற்றத் தீவுகளில் திறந்த எரிமலைப் பாறைகளின் மேல் அந்தக் கண்களோடு வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்திகள் இன்றும் இருக்கின்றன.

கவாய் தீவில் மட்டும் ஒன்று கண்ணே இல்லாமல் இருக்கிறது.

கவாய், ஹவாய்த் தொடரின் பெருந்தீவுகளில் மிகப் பழையது. சுமார் 50 லட்சம் ஆண்டு வயது. பரப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றுச் சிறியது. அதன் தென்கரையில் கோலோவா, போய்பூ என்று இரண்டு ஊர்கள். அங்கே எரிமலைக் குழம்பு ஓடியபோது மேற்பரப்பு ஆறி இறுகிக் கூரையாக, உள்ளே கொதித்துக்கொண்டிருந்த குழம்பு தொடர்ந்து ஓடி வடிந்துவிட்டது. மிஞ்சியவை நீண்ட குழாய்க் குகைகள். அவற்றைச் சுற்றிலும் பாறைக்குள் கணக்கற்ற விரிசல்கள், சிறு பொந்துகள். சுமார் 10.5 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த எரிமலைப் பாறைத் திட்டின் ஒரு சில குகைகளில்தான் கவாய் குகைச் சிலந்தி வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை.

1970களின் தொடக்கம்வரை, இளமையான எரிமலைத் தீவுகளில் குகைக்கென்றே ஆன உயிரினங்கள் இருக்க முடியாது என்றுதான் நினைத்திருந்தார்கள். அத்தகைய உயிர்கள் பனியுகத்தின் மிச்சங்கள், வெப்பமண்டலத் தீவில் அவற்றுக்கு என்ன வேலை என்பது அன்றைய கருத்து. பிராங்க் ஹோவார்த் என்ற பூச்சியியலாளர் ஹவாயின் குகைகளுக்குள் விளக்கோடு இறங்கிப் பார்த்தபோது அந்தக் கருத்து கலைந்துபோனது. இருட்டுக்குள் ஓர் உலகமே நடமாடிக்கொண்டிருந்தது. கவாயின் கண்ணில்லாச் சிலந்தியை 1973இல் வில்லிஸ் கெர்ச் முறைப்படி விவரித்துப் பதிவு செய்தார். கண்ணை முழுதும் துறந்த ஓநாய்ச் சிலந்தி இது ஒன்றே.

செம்பழுப்பு உடல், நீண்ட கால்கள், 2 சென்டிமீட்டர் அளவிலான உடம்பு. மரப்பட்டைச் சிலந்தியும் இதுவும் உடலளவில் ஏறத்தாழ ஒன்றுதான். அதற்குமேல் ஒற்றுமை தேடக் கூடாது. அவள் வெளிச்சத்தில், காற்றில், வெட்டவெளியில் தொங்குகிறாள். இது காற்றே அசையாத இடத்தில், என்றும் விடியாத இருளில் நடக்கிறது. அவள் தேவைக்கு உலகின் மிகப் பெரிய வட்ட வலை. இதற்கு வலையே கிடையாது. நீண்ட கால்களால் பாறையைத் தொட்டு, வாசனையையும் அதிர்வையும் அறிந்து, மெல்ல நெருங்கிப் பிடிக்கிறது. குகையின் ஆழத்தில் ஈரம் காற்றில் நிறைந்து நிற்கும். அந்த ஈரத்துக்கே பழகிய உடல் இது. வறண்ட காற்று பட்டால் வாடிவிடும்.

எதைப் பிடிக்கிறது என்பதில்தான் நான் கைகூப்ப வேண்டியவனாகிறேன். அந்தக் குகைகளில் ஆம்பிபாட் என்ற, இறாலுக்குத் தூரத்து உறவான சிற்றுயிர் ஒன்று உண்டு. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம், பளிங்குபோல் வெளிறிய உடல். அதுவும் கண்ணில்லாதது. அதுவும் அந்த ஊரின் குகைகளைத் தவிர வேறெங்கும் இல்லாதது. வெயில் புகாத இடத்தில் பச்சை இலை இல்லை. பிறகு அது எதைத் தின்னும்? மேலே நிலத்தில் வளரும் செடிகளின் வேர்கள் பாறை விரிசல் வழியே இறங்கிக் குகைக் கூரையைத் துளைத்துத் தொங்குகின்றன. வேர் பட்டு உதிரும். நீரோடு சருகும் சுள்ளியும் வந்து சேரும். அந்த மட்கிய வேரையும் குப்பையையும் ஆம்பிபாட் தின்கிறது. ஆம்பிபாடைச் சிலந்தி தின்கிறது. மேலே இலை வாங்கிய வெயில் வேராகி, மட்கி, இப்படிக் கண்ணில்லாத உயிரின் வாய்வரை போய்ச் சேர்கிறது. கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்தப் படி எந்த வழியாக அளக்கப்படுகிறது என்பதைக் கோலோவாவின் குகைக் கூரையில் வேராகவே பார்த்துவிடலாம்.

தாய்மையிலும் இந்தச் சிலந்தி தனி. மற்ற ஓநாய்ச் சிலந்திகள் நூற்றுக்கு மேலேகூட முட்டையிடும். முட்டைப் பையை வயிற்றின் பின்முனையில் ஒட்டி இழுத்துக்கொண்டு ஓடும். இது இடுவது 15 முதல் 30 முட்டைகள் மட்டுமே. பையை வாயுறுப்பிலேயே கவ்விக்கொண்டு, குஞ்சு பொரிக்கும்வரை சுமக்கிறது. முட்டை குறைவு என்றாலும் பிறக்கும் குஞ்சுகள் பெரியவை. தாயின் முதுகில் சில நாள் மட்டும் ஏறியிருந்துவிட்டு இறங்கி இருட்டுக்குள் தனியே நடக்கத் தொடங்கிவிடும். உணவு அரிதான இடத்தில் நிறையப் பெற்று வீணாக்குவதற்குப் பதில், சிலவற்றைப் பெற்று அவற்றுக்கு வலுவான தொடக்கம் தரும் ஏற்பாடு.

கண் போனதை இழப்பு என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. கண்ணை வளர்ப்பதற்கும் காப்பதற்கும் உடல் ஓயாமல் செலவு செய்கிறது. ஒளியே இல்லாத இடத்தில் அது வீண் செலவு. தலைமுறை தலைமுறையாகக் கண் சுருங்கி மறைய, தொடு உணர்வு கூர்மையானது. டார்வின் விளக்கிய வழியிலேயே இது நடந்தது. அதை ஏற்பதால் என் பக்தியில் ஒரு துளியும் குறையவில்லை. அவசரமே இல்லாமல், லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, ஒரே எட்டுக்கால் உடலுக்கு ஒரு தீவில் 25 மீட்டர் பாலத்தைக் கொடுத்தும் இன்னொரு தீவில் எட்டுக் கண்களை எடுத்துக்கொண்டும் நிறைவாக்கிய கை எதுவோ, அதைத்தான் வணங்குகிறேன். ஆற்றின் மேல் தொங்குகிறவளிடம் அந்தக் கையின் தாராளம் தெரிகிறது. குகையில் இருப்பதிடமும் அதே தாராளம்தான் என்பதை உணர எனக்குக் கொஞ்ச காலம் தேவைப்பட்டது.

இரண்டுக்கும் இன்று ஆபத்து உண்டு. மடகாஸ்கரில் நெல் விளைக்கக் காட்டை வெட்டி எரிக்கும் பழைய முறை இன்னும் தொடர்கிறது. அதைச் செய்கிறவர்கள் ஏழை உழவர்கள். பசிக்கு முன்னால் அவர்களைக் குற்றம் சொல்ல நாம் யார்? ஆனாலும் இரு கரையிலும் மரம் இருந்தால்தான் பாலத்துக்கு முனை கிடைக்கும். தலைநகர் அந்தனனரிவோவுக்குக் கிழக்கே உள்ள அந்தாசிபே தேசியப் பூங்கா போன்ற காப்புக்காடுகளில் ஆற்றோர மரங்கள் நிற்பதால் வலைகளும் நிற்கின்றன.

கோலோவாவின் நிலைமை இன்னும் நெருக்கடியானது. 1835இல் ஹவாயின் முதல் வெற்றிகரமான கரும்புத் தோட்டம் தொடங்கப்பட்டது அந்த ஊரில்தான். கரும்புக்காக மண் திருத்தப்பட்டது. ஆழ வேர்விடும் பழைய செடிகள் போயின. இப்போது கடற்கரை விடுதிகளும் வீடுகளும் கோல்ஃப் மைதானங்களும் வந்திருக்கின்றன. மேலே அடிக்கும் பூச்சிகொல்லி விரிசல் வழியே இறங்கும். குகைக்குள் ஒருவர் சிகரெட் பற்றவைத்தால் அந்தப் புகையிலுள்ள நிகோடினே அங்குள்ள உயிர்களுக்கு நஞ்சு. 2000இல் அமெரிக்க அரசு இந்தச் சிலந்தியையும் அதன் உணவான ஆம்பிபாடையும் ஒன்றாகவே அழியும் நிலையிலுள்ள உயிரினப் பட்டியலில் சேர்த்தது. 2003இல் 272 ஏக்கர் நிலம் அவற்றின் இன்றியமையாத வாழிடமாக அறிவிக்கப்பட்டது. சிலந்தியைக் காக்க அங்கே செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி குகைக்குள்ளே இல்லை, மேலே வெயிலில் இருக்கிறது. மையாபிலோ போன்ற அந்த மண்ணின் செடிகளைக் குகைகளுக்கு மேல் நட்டு, வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றி, சுற்றிலும் மருந்தடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேர் இறங்கினால் ஆம்பிபாட் பெருகும். அதற்குப் பிறகு அந்தச் சிலந்திக்கு நம்மிடம் கேட்க வேறொன்றும் அதிகமில்லை.